உங்க அப்பா நம்பர் கொடுங்க மேடம்

ஸ்பெயினில் குளியலறைக் குழாயில் 'சி' என்று போட்டிருந்தால் அது வெந்நீர். 'கலியெந்தே' என்றால் அவர்கள் மொழியில் சூடு. குளிர்ந்த நீருக்கு 'எஃப்'. இது தெரியாமல், படித்த இங்கிலீஷ் மீடியத்தை நம்பி 'சி'யை முழுசாகத் திருப்பி முதுகை வேக வைத்துக்கொண்டேன். என் ஐரோப்பிய வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் கம்பெனி ஓசூர் யூனிட்டுக்கு ஒரு கிரைண்டிங் மெஷின் வாங்கியது. கப்பலில் ஏற்றுவதற்கு முன் அங்கேயே ஓட்டிப் பார்த்து, அளவெடுத்து, கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். தரக்கட்டுப்பாட்டில் இருப்பதால் சென்னை ஆபீசிலிருந்து என்னை அனுப்பினார்கள். வடக்கு ஸ்பெயினில் பாஸ்க் பகுதி. பில்பாவோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தேபா ஆற்றுப் பள்ளத்தாக்கு வந்துவிடும். எல்கோய்பாரைச் சுற்றி அந்தப் பக்கம் முழுக்க மெஷின் டூல் கம்பெனிகள்தான். மலை, மழை, ஆற்றோரம் ஷெட், ஷெட்டுக்குள் லேத். போர்டுகள் எல்லாம் பாஸ்க், ஸ்பானிஷ் என்று இரண்டு மொழியில். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் எழுத்து மாறுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது ஃபிரிட்ஜில் வைத்த ஓசூர் மாதிரி இருந்தது.

அங்கே ஆறு ராத்திரி ஒரு சின்ன ஹோட்டலில் தங்கினேன். வெளிநாட்டு ஹோட்டல் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் வெள்ளைப் படுக்கை விரிப்பும் ஜன்னலோர மலையும் கட்டாயம் வரும். என்னுடையதிலும் இரண்டும் இருந்தன. மற்றதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

பக்கெட் கிடையாது, மக் கிடையாது. கழிவறைக்குப் பக்கத்தில் பீங்கானில் இன்னொரு தொட்டி இருந்தது. அதன் உண்மையான உபயோகம் மூன்றாம் நாள் தெரிந்தது. அதுவரை அதில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நம்ம ஊர்க் கடை ஷட்டர் மாதிரி ஒன்று. அதை இறக்கினால் அறைக்குள் அமாவாசை. முதல் நாள் இறக்கிவிட்டுப் படுத்தவள், 'இன்னும் விடியலை' என்று புரண்டு புரண்டு படுத்து, எழுந்தபோது மணி ஒன்பதே முக்கால். காலை உணவை எடுத்து வைத்துவிட்டார்கள். சரி, ராத்திரி சேர்த்துச் சாப்பிடலாம் என்றால் சமையலறை எட்டரை மணிக்கு மேல்தான் திறக்கும். ஏழு மணிக்குப் பசித்தால் அது உங்கள் சொந்தப் பிரச்சினை.

அது புரட்டாசி. அசைவம் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறியிருந்தேன். வெறும் காய்கறி சாலட் என்று கேட்டால் மேலே சூரை மீனைத் தூவிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். "மீன் வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டால் எடுத்துக்கொண்டுபோய்ப் பன்றித் தொடைக்கறியைச் சீவிப் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் மனசில் அதெல்லாம் கறிக் கணக்கில் வராது போல. கடைசியில் என்னைக் காப்பாற்றியது கெர்னிகா மிளகாய். பிக்காசோவின் ஓவியத்துக்குப் பெயர் தந்த அதே ஊர்தான். எண்ணெயில் பொரித்து, கல்லுப்பு தூவி, ஒரு தட்டு நிறையத் தருவார்கள். மாவு இல்லாத மிளகாய் பஜ்ஜி. அதையும் ரொட்டியையும் தின்றே புரட்டாசி விரதத்தைக் காப்பாற்றினேன்.

ஆக, வசதியில் அந்த ஹோட்டலுக்கு என் மார்க் நூற்றுக்கு நாற்பத்தைந்து. ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது வேறொன்று. நாலாம் நாள் ராத்திரி நடந்தது, அல்லது நடக்காதது.

வரவேற்பில் இருக்கும் அம்மாள் பத்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். வந்த அன்றே பாஸ்போர்ட்டைப் பதிந்துகொண்டு, அறைச் சாவியோடு தெருக்கதவுக்கான எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்திருந்தார். நாலாம் நாள் மெஷின் டெஸ்ட் பாஸ் ஆனது. ஃபேக்டரிக்காரர்கள் சாப்பிட அழைத்துப் போனார்கள். முடிந்து, அங்கே வேலை பார்க்கும் ஒருவர் என்னைக் காரில் கொண்டுவந்து இறக்கும்போது பதினொன்றே முக்கால். எண்ணை அழுத்தினேன், கதவு திறந்தது. மாடிப்படி ஏறும்போதுதான் கவனித்தேன், என் வாய்க்குள் ஒரு பதில் தயாராகிக்கொண்டிருந்தது. 'டின்னர் லேட் ஆயிடுச்சு, அவர் கம்பெனி ஆள்.' கேட்க அங்கே ஆள் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். முப்பத்து நாலு வயதில், ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால், காலியான மாடிப்படியில், யாருமே கேட்காத கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு நான் ஏறிக்கொண்டிருந்தேன்.

*

ஊருக்கு வந்து, "ஹோட்டல்ல தங்கினேன்" என்றதும் அம்மா, "சாப்பாட்டுக் கடையிலயா படுத்துக்கிட்ட?" என்றாள். நியாயமான கேள்வி. தமிழில் ஓட்டல் என்றால் சாப்பிடும் இடம். படுக்கும் இடம் லாட்ஜ். ஓட்டலுக்குப் போனதை ஊர் முழுக்கச் சொல்லலாம். லாட்ஜுக்குப் போனேன் என்று ஒரு பெண் சொன்னால் வாக்கியம் அங்கேயே நின்றுபோகும். அடுத்து அவள் எதைச் சொன்னாலும் அது விளக்கம்தான்.

மூன்று மாதம் கழித்து மெஷின் கப்பலில் வந்து ஓசூர் சேர்ந்தது. நிறுவித் தர அங்கிருந்து இரண்டு டெக்னீஷியன்கள் வந்தார்கள். ஒருவர் ஆண். இன்னொருத்தி என் வயதுப் பெண். அவர்களுக்கு நெடுஞ்சாலையோரம் பெரிய ஹோட்டல். எனக்குக் கம்பெனி அனுமதித்த அறை வாடகை 1500 ரூபாய். வெளிநாட்டுக்காரர்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல்காரர் ஒரு படிவம் நிரப்பி அரசுக்கு அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட், விசா விவரம், எங்கிருந்து வந்தார், எங்கே போவார், எல்லாம் அதில் உண்டு. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அவளைக் கொண்டுபோய்விட்டுவிட்டு, நான் ஆப்பில் புக் பண்ணியிருந்த லாட்ஜுக்குப் போகும்போது ராத்திரி ஒன்பதரை.

"ஆப்ல வந்த புக்கிங்கா? எங்களுக்கு வரலையே மேடம்." போனில் காட்டினேன். "இதுவா... ரூம் ஃபுல்." அவர் தலைக்குப் பின்னால் பலகையில் பதினான்கு சாவி தொங்கியது. எண்ணிப் பார்ப்பது என் தொழில் வியாதி.

இரண்டாவது லாட்ஜ் நேர்மையானது. "சிங்கிள் லேடீஸுக்குக் கொடுக்கறதில்ல மேடம். ஓனர் ஆர்டர்." அவர் என்னிடம் தமிழில் மறுத்துவிட்டு, உள்ளே யாரிடமோ தெலுங்கில் என்னைப் பற்றிச் சொல்லி, பையைத் தூக்க வந்த பையனிடம் இந்தியில் வேண்டாம் என்று சொன்னார். ஓசூரில் ஒரு பெண்ணை மூன்று மொழியில் திருப்பி அனுப்ப முடியும்.

மூன்றாவது இடத்தில், பாகலூர் ரோடு பக்கம், மேனேஜருக்கு ஐம்பது வயதிருக்கும். ஆதார் வாங்கிப் பார்த்தார். கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்தார். "எதுக்கு வந்திருக்கீங்க?" சொன்னேன். "கூட யாரு?" யாருமில்லை. "மேரேஜ் ஆயிடுச்சா?" இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க அப்பா நம்பர் கொடுங்க மேடம்" என்றார்.

கொடுத்தேன். ஆமாம், கொடுத்துவிட்டேன். மணி பத்தே முக்கால். காலை எட்டு மணிக்கு சிப்காட்டில் இருக்க வேண்டும். எதிர்ப்பு, தன்மானம் எல்லாம் எட்டு மணிநேரம் தூங்கியவர்களுக்கு உரியது.

அப்பா தர்மபுரியில் இருக்கிறார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அந்த நேரத்தில் போன் வந்தால் எந்த அப்பாவுக்கும் என்ன தோன்றும்? ஸ்பீக்கரில் அவர் "ஹலோ" சொல்லும்போதே குரல் உடைந்திருந்தது. "ஐயா, ஓசூர் லாட்ஜ்லேருந்து பேசறோம். இங்க ஒரு பொண்ணு வந்திருக்கு. உங்க பொண்ணுதானா?" ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் அப்பா, "ஆமா சார், என் பொண்ணுதான். உசுரோட இருக்கா இல்ல?" என்றார்.

சாவி கிடைத்தது. வாடகை 900. அறை எப்படி என்று கேட்பவர்களுக்கு: பக்கெட் இருந்தது, மக் இருந்தது, காலை ஆறு முதல் எட்டு வரை வெந்நீர். குழாய் விஷயத்தில் ஸ்பெயினை நம் ஆட்கள் தோற்கடித்துவிட்டார்கள். நான் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, வென்டிலேட்டரிலும் கடிகாரத்திலும் கேமரா இருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் தேடிவிட்டுப் படுத்தேன். என்னைப் பற்றி இவ்வளவு விசாரித்த லாட்ஜ், தன்னைப் பற்றி எனக்கு ஒரு உத்தரவாதமும் தரவில்லை.

*

இனி வாதத்துக்கு வருகிறேன்.

முதல் சமாதானம், 'பாதுகாப்பு'. யார் எவர் என்று தெரியாமல் எப்படிச் சாவி கொடுப்பது? சரி. அதனால்தான் ஆதார் கொடுத்தேன். ஸ்பெயினிலும் பாஸ்போர்ட் வாங்கினார்கள். தங்குபவர் விவரத்தை ஹோட்டல்கள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அங்கும் சட்டம் இருக்கிறது. பாதுகாப்புக்குத் தேவை நான் யார் என்பது. நான் யாருடைய மகள் என்பது வேறு கேள்வி. ஓசூர் லாட்ஜில் அன்றைக்குத் தங்கியிருந்த வேறு எந்த ஆணின் அப்பாவையும் ராத்திரி பத்தே முக்காலுக்கு எழுப்பவில்லை. குற்றப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் எழுப்ப வேண்டியது அந்த அப்பாக்களைத்தான்.

இரண்டாவது, 'போலீஸ் தொந்தரவு'. இது பொய்யில்லை. மறுநாள் மேனேஜரே சொன்னார். ஏதாவது ஆகிவிட்டால் லாட்ஜை சீல் வைப்பார்கள். அறையில் யாராவது தூக்கு மாட்டிக்கொண்டால் ஸ்டேஷனுக்கு அலைவது அவர். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் பின்னாலேயே பாய் விரித்துப் படுக்கும் மனிதர். அவர் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் சட்டம் அவர் பக்கம் பயமுறுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019இல் கோயம்புத்தூரில் திருமணமாகாத ஜோடி தங்கியிருந்ததையும் ஓர் அறையில் மதுபாட்டில்கள் இருந்ததையும் காரணம் காட்டி ஒரு தங்கும் விடுதிக்கு சீல் வைத்தார்கள். அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம்.எஸ்.ரமேஷ் சீலை அகற்ற உத்தரவிட்டார். திருமணமாகாதவர்கள் ஹோட்டல் அறையில் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஜோடிக்கே தடையில்லை என்றால், ஒற்றை ஆளாக ஆடிட் ஃபைலோடு வந்தவளுக்கு என்ன தடை?

அதைவிடப் பழையது ஒன்று இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து எந்தக் குடிமகனையும் கடை, உணவகம், ஹோட்டல், பொழுதுபோக்கு இடங்களுக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது. ஹோட்டல் என்ற வார்த்தையே அதில் இருக்கிறது. பால் என்ற வார்த்தையும் இருக்கிறது. இது அரசாங்கத்துக்கு மட்டும் சொன்னதில்லை, தனியார் கவுன்ட்டருக்கும் சேர்த்துச் சொன்னது. 'சிங்கிள் லேடீஸுக்குக் கொடுக்கறதில்ல' என்பது ஓனர் ஆர்டர். 1950 ஜனவரி 26இலிருந்து அதற்கு மேல் ஓர் ஆர்டர் இருக்கிறது.

அந்தப் பிரிவில் ஹோட்டல் என்ற வார்த்தையைப் படிக்கும்போது எனக்கு அம்பேத்கர்தான் ஞாபகம் வருகிறார். 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தவருக்கு ஊரில் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில், காவலாளின் சம்மதத்தோடு, பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிவிட்டுத் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து 'நீ யார்?' என்று கேட்டது. வெளியேற்றப்பட்டு, ரயில் நேரம் வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார். என் ஒரு ராத்திரியை அதோடு ஒப்பிடவில்லை, அது ஒப்பிடக்கூடாத அவமானம். ஆனால் பதிவேடு அதேதான். பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், வந்த நோக்கம். சாதிக்கொரு சத்திரம் கட்டி வைத்திருந்த ஊர் நம்முடையது. சத்திரம் போய் லாட்ஜ் வந்தது. கேள்விகள் அதே நோட்டில் இருக்கின்றன. ஒரு முஸ்லிம் பெயருக்கு, ஒரு திருநங்கைக்கு, பையோடு நிற்கும் ஒரு வடமாநிலத் தொழிலாளிக்கு 'ரூம் ஃபுல்' எவ்வளவு சீக்கிரம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' பலகைக்கு எதிராகப் பெரியார் போராட்டம் நடத்தினார். ஓட்டலில் யார் பெயர் எழுதியிருக்கிறது, யார் எங்கே உட்காரலாம் என்பதற்கு இந்த ஊர் தெருவில் இறங்கிச் சண்டை போட்டிருக்கிறது. லாட்ஜில் யார் படுக்கலாம் என்ற சண்டையை நாம் இன்னும் தொடங்கவேயில்லை.

மூன்றாவது சமாதானம், 'அது அவங்க கலாச்சாரம், இது நம்ம கலாச்சாரம்'. ஸ்பெயின் கதையைச் சொன்னதும் நண்பர்கள் எடுத்துவிட்டது இதைத்தான். ஐயா, அந்தக் கலாச்சாரத்தின் வயதைக் கேளுங்கள். ஃபிராங்கோ ஆண்ட காலத்தில், 1975 மே மாதம் சட்டம் திருத்தப்படும் வரை, அங்கே கல்யாணமான பெண் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் பாஸ்போர்ட் எடுக்கவும் புருஷன் அனுமதி வேண்டும். ஹோட்டலுக்கு ஜோடியாகப் போனால் குடும்பப் புத்தகத்தைக் காட்டச் சொல்லும் வழக்கமும் இருந்தது. என்னிடம் கதவு எண்ணைச் சீட்டில் எழுதித் தந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் சிறுமியாக இருந்தபோது அதே ஊர்க் கவுன்ட்டர்கள் பாகலூர் ரோடு கவுன்ட்டரைப் போலத்தான் இருந்திருக்கும். ஒரு ஆள் வாழ்நாளுக்குள் மாறிப்போகிற ஒன்றைக் கலாச்சாரம் என்று சொல்லி அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

சரி, 5000 ரூபாய் ஹோட்டலுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போயிருக்கலாம். அங்கே கேட்டிருக்க மாட்டார்கள். நம் ஊரில் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. என் கம்பெனி அதைக் கட்டத் தயாரில்லை, அவ்வளவுதான்.

இது ஓசூரில் நடந்தது என்பதுதான் என்னைக் குடைகிறது. 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து வெளியூர் ஆட்களை வைத்தே வளர்ந்த ஊர் இது. இப்போது அந்த வெளியூர் ஆட்களில் பெண்கள் எத்தனை பேர்! டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெரும்பாலும் பெண்கள். இதே மாவட்டத்தில் போச்சம்பள்ளி ஆலையைப் பத்தாயிரம் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் ஓலா அறிவித்தது. விடியற்காலையில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் ஷிப்டுக்குப் போவதைப் பாருங்கள். அவர்களை வருஷக்கணக்கில் தங்க வைக்க வார்டன், கேட் நேரம், வருகைப் பதிவேடு என்று எல்லாம் தயார். ஒரு பெண் தன் பொறுப்பில் ஒரே ஒரு ராத்திரி தங்க இடமில்லை. ராத்திரி ஷிப்டுக்கு அவளை நம்புகிறோம், ராத்திரித் தூக்கத்துக்கு நம்புவதில்லை.

இலக்கியம் படிக்கும் உங்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளைப் பற்றி எத்தனை கதை, எத்தனை கவிதை! ஓடாத ஃபேன், அழுக்குத் தலையணை, அணைத்த சிகரெட், ஓர் இளைஞனின் மகத்தான தனிமை. நானும் விழுந்து விழுந்து படித்தவள்தான். லாட்ஜ் அறையில் ஒரு ஆண் தனியாக இருந்தால் அவன் எழுத்தாளன். பெண் தனியாக இருந்தால்? நான் படித்த கதைகளில், பார்த்த படங்களில், அவள் தொழிலுக்கு வந்தவள், அல்லது ஓடிவந்தவள், அல்லது சாக வந்தவள். நாலாவதாக ஒருத்தியை, காலையில் சீக்கிரம் எழுந்து வேலைக்குப் போக வேண்டியவளை, நான் அதிகம் சந்தித்ததில்லை. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் இந்த மூன்று பெண்களும் வரிசையாக நின்றார்கள். அவர் அந்தக் கதைகளைப் படித்திருக்க மாட்டார், படங்களைப் பார்த்திருப்பார். அந்தப் பதிவேட்டை நிரப்பியதில் நமக்கும் பங்கு உண்டு.

மேப்பில் போய் லாட்ஜ்களுக்கு நாம் எழுதும் விமர்சனங்களையும் பாருங்கள். 'நீட் அண்ட் டீசன்ட்', 'ஃபேமிலியோட தங்க ஏத்த இடம்.' துண்டு ஈரமாக இருந்தால் ஒரு ஸ்டாரைக் குறைக்கிறோம். பக்கத்தில் நின்றவளைத் திருப்பி அனுப்பியதற்கு எவரும் குறைத்ததில்லை. அந்த 'டீசன்ட்' என்பதே அவளைத் திருப்பி அனுப்பியதற்குக் கிடைத்த பட்டம்தானே?

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. கவுன்ட்டரில் ஒரு பலகை: அடையாள அட்டை போதும், வேறு கேள்வி கிடையாது. அந்தப் பலகை வைத்த லாட்ஜை, அதை வைத்ததற்காகப் போலீஸ் தொந்தரவு செய்யாது என்று மாவட்ட நிர்வாகம் தரும் ஒரு சுற்றறிக்கை. பெண்களை வெளியூருக்கு அனுப்பும் கம்பெனிகள் பலகை இல்லாத இடத்தில் அறை போடாமல் இருப்பது. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, நாங்கள் வாங்கிய மெஷினின் ஒரு போல்ட் விலைகூட இராது.

*

மறுநாள் காலை ஆறரைக்குக் கீழே இறங்கினால், ரிசப்ஷன் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். தூக்கம் வராமல் விடிவதற்கு முன்பே பஸ் ஏறியிருக்கிறார். கையில் டீ. பக்கத்தில் மேனேஜர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"தங்கமான மனுஷன் கண்ணு. விசாரிக்காம எவன் வேணா ரூம் கொடுப்பான். இவர் கேட்டாரு பாரு, அதான் பொறுப்பு."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் வரை நடக்கும்போது சண்டை போட்டேன். "நீ முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தியே, தனியா வந்த எந்தப் பொம்பளைகிட்டயாவது அவ அப்பா யாருன்னு கேட்டுட்டா கொடுத்த?"

"பஸ்ஸு வேற, லாட்ஜு வேற கண்ணு."

"என்ன வேற?"

அவர் பதில் சொல்லவில்லை. ரோடு கிராஸ் பண்ணும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தாறு வயது, ராத்திரி முழுக்கத் தூங்காத கண். அவரோடு இந்தச் சண்டையை இன்னும் முடிக்கவில்லை. தீபாவளிக்குப் போனபோதும் போட்டோம்.

அவரை தர்மபுரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு யூனிட்டுக்குப் போனபோது மணி எட்டு ஐந்து. ஸ்பெயின்காரி எனக்கு முன்னாலேயே வந்து மெஷினின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஹோட்டல் பிரமாதம், பக்கெட் எதற்கு என்றுதான் தெரியவில்லை என்றாள். சிரித்துக்கொண்டே விளக்கினேன். அப்புறம், "உன் ஹோட்டல் எப்படி இருந்தது?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.